சுவரில் இருப்பவர் யார்?

தமிழர் வீடு ஒன்றினுள் நுழைந்ததும் நம்மை முதலில் வரவேற்பவர் வீட்டுக்காரர் அல்லர். அவர் "வாங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டை மாட்டிக்கொள்ள உள்ளே போய்விடுவார். அவர் திரும்பி வரும்வரை நமக்குத் துணையாக இருப்பவை கூடத்துச் சுவரிலுள்ள படங்கள்தாம். நடுவே தெய்வங்கள். ஒரு பக்கம், சந்தன மாலையும் கண்ணாடிமேல் குங்குமப் பொட்டுமாக முன்னோர். அவர்கள் காலடியில் இரவும் பகலும் எரியும் ஒரு சிறு மின்விளக்கு. மறுபக்கம் மணக்கோலத்தில் ஒரு தம்பதி. அடுத்துக் கறுப்பு அங்கி அணிந்து சுருட்டிய காகிதத்தைக் கையில் பிடித்த ஒரு பட்டதாரி. இவர்களையெல்லாம் விட்டுச் சற்று ஒதுங்கி, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு மலைப்படம். பின்னே ஏரியோ பூங்காவோ தெரியும். முன்னே ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் அணிந்த ஒரு குடும்பம் குளிரில் குறுகிக்கொண்டு, ஆனாலும் சிரித்துக்கொண்டு நிற்கும்.

அந்த வீட்டில் நம் வயதுப் பிள்ளை யாரேனும் இருந்தால், "இவர் யார்?" என்று ஒரு படத்தைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். "எங்க தாத்தாவோட அண்ணன்னு நினைக்கிறேன்" என்பான். "பெயர்?" என்று கேட்டால் உள்ளே திரும்பி, "அம்மா, பெரிய தாத்தா பேர் என்ன?" என்று குரல் கொடுப்பான். அம்மாவுக்கும் தெரியாவிட்டால் கேள்வி அத்தோடு நின்றுவிடும். நாள்தோறும் விளக்கேற்றி, ஆடி அமாவாசையில் படையலிட்டு வணங்கும் ஒருவரின் பெயர் மூன்றாம் தலைமுறையில் மறைந்துவிடுகிறது. படம் இருக்கிறது, ஆணி இருக்கிறது, ஆள் யாரென்று தெரியவில்லை.

வீட்டுச் சுவரில் குடும்ப வரலாற்றை வைப்பதென்றால் பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் வைக்க வேண்டும். பெருமைக்குரிய படங்களோடு, குடும்பம் மகிழ்ந்திருந்த படங்களையும் வைக்க வேண்டும். அவற்றுள்ளும் அந்த மலைப்படத்துக்கு இப்போதுள்ளதைவிட உயர்ந்த இடம் தர வேண்டும். இதுவே நான் சொல்ல வருவது. இதைச் செய்து முடிக்க வேண்டியவர்கள், வீட்டைவிட்டு ஆயிரம் ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளி வந்து படிக்கும் நாமும், இந்தத் தில்லியிலேயே பிறந்து வளர்ந்த நம் தோழர்களுமே என்பதும் என் கருத்து.

மலைப்படத்துக்கு என்ன அப்படியொரு சிறப்பு என்று கேட்பீர்கள். மற்றப் படங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். திருமணப் படத்தில் ஒவ்வொருவரும் தத்தம் தகுதிக்கேற்ற இடத்தில் நிற்கிறார்கள். சம்பந்தி எங்கே நிற்பது, மூத்த மாப்பிள்ளை எங்கே உட்காருவது என்பதற்கே அரை நாழிகை வழக்கு நடந்திருக்கும். பட்டமளிப்புப் படத்தில் ஒருவர் தனியே நிற்கிறார். அவர் பட்டம் பெறுவதற்காக வளையலை அடகு வைத்த தாய் அதில் இல்லை. மாலையிட்ட படத்திலோ உயிரே இல்லை. மலைப்படத்தில்தான் குடும்பம் குடும்பமாக நிற்கிறது. தந்தைக்கு அன்று அலுவலகம் இல்லை. அம்மாவுக்கு அடுக்களை இல்லை. இரண்டு நாளுக்குத் தேவையான புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் மூட்டை கட்டிக்கொண்டு போனவர் அவர்தான் என்பதை நான் மறக்கவில்லை. எனினும் அந்த மூட்டை தீர்ந்த பிறகு, ஏரிக்கரையில் ஒரு பிற்பகல் அவர் வெறுமனே உட்கார்ந்திருந்தார். அந்தப் பிற்பகலுக்குச் சான்று அந்த ஒரு படமே.

இந்த மலையூர்கள் நம்மைப் போன்றோர்க்காக எழுந்தவை அல்ல. கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறியது 1819-ஆம் ஆண்டு. அவருக்கு முன்பே தோடரும் கோத்தரும் படகரும் அங்கே வாழ்ந்திருந்தனர். ஆனால் வெப்பம் தாளாத வெள்ளையர்க்கு ஓர் ஊர் வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்தது உதகை. அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் வீடு கட்டத் தொடங்கியது 1845-இல். வடக்கே சிம்லா 1864-இல் ஆங்கில அரசின் கோடைத் தலைநகர் ஆயிற்று. பின்னர் ரயில் மலையேறிற்று. டார்ஜிலிங்குக்கு 1881-இலும், குன்னூருக்கு 1899-இலும், சிம்லாவுக்கு 1903-இலும், உதகைக்கு 1908-இலும் வண்டிகள் ஓடத் தொடங்கின. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டி, தண்டவாளங்களுக்கு நடுவேயுள்ள பல்வரிசையைத் தன் பற்சக்கரத்தால் பற்றிப் பற்றி ஏறுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இன்று நாம் வியந்து பார்க்கும் அந்தப் பாதை, தொடக்கத்தில் துரைமார் குடும்பங்கள் வெயிலுக்குத் தப்பி ஏறிய பாதை.

மாதச் சம்பளக்கார இந்தியக் குடும்பம் ஒன்று, "நாமும் நான்கு நாள் மலைக்குப் போய்வருவோமே" என்று நினைக்கத் துணிந்தது மிகப் பிந்திய செய்தி. மத்திய அரசு ஊழியர்க்கு விடுமுறைப் பயணச் சலுகை வந்தது 1956-இல். எல்.டி.சி. என்று சொன்னால்தான் நம் பெற்றோர்க்குப் புரியும். முதலில் அது சொந்த ஊருக்குப் போய்வருவதற்காகவே இருந்தது. பின்னர் நான்காண்டுக்கு ஒருமுறை நாட்டின் எந்த ஊருக்கும் போகலாம் என்று விரிந்தது. தில்லியில் வேலை பார்த்த எத்தனையோ தமிழ்க் குமாஸ்தாக்களின் வீட்டில் மலைப்படம் தொங்குவதற்கு அந்தச் சலுகையே காரணம். ஆகவே அப்படத்தை வெறும் பகட்டு என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. தாத்தாவின் தாத்தா கண்டிராத ஓய்வை ஒரு குடும்பம் முதன்முதலாகக் கண்டது என்பதற்கு அது ஆவணம்.

என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லுகிறேன். என் தாத்தா இந்நகரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். 1979-ஆம் ஆண்டு மே மாதத்தில் குடும்பத்தோடு முசூரிக்குப் போனார். அங்கே கன் ஹில் என்னும் குன்றின் மேல், மலைநாட்டுப் பெண்களின் உடையை வாடகைக்குக் கொடுத்துப் படம் எடுப்பவர்கள் இருந்தார்கள். யார் தூண்டினார்களோ, என் பாட்டி அந்தப் பாவாடையையும் வெள்ளி அட்டிகையையும் அணிந்து, இடுப்பில் பித்தளைக் குடத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். வாய்விட்டுச் சிரிக்கிறார். அவர் பல் தெரியச் சிரிக்கும் படம் எங்கள் குடும்பத்திலேயே அது ஒன்றுதான்.

2016-இல் பாட்டி மறைந்தார். கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. ஒரு திருமணக் கூட்டப் படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, நீலப் பின்னணி வைத்து, கலைந்திருந்த வகிட்டைக் கணிப்பொறியில் நேராக்கி, அவர் வாழ்நாளில் உடுத்தியிராத ஒரு பட்டுப் புடவையையும் போர்த்திப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். இப்போது கூடத்தில் இருப்பது அதுதான். முசூரிப் படத்தை மாட்டலாம் என்று நான் சொன்னபோது சித்தப்பா, "என்னடா இது, செத்துப்போன அம்மாவை வாடகை வேஷத்துல மாட்டச் சொல்றியா?" என்று கடிந்துகொண்டார். கூடத்தில் இருக்கும் புடவையும் வேடந்தான் சித்தப்பா, அது இவர்கள் கட்டிவிட்டது, இது அவரே விரும்பிக் கட்டிக்கொண்டது என்று சொன்னேன். முசூரிப் படம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. என் வழக்கு இன்னும் தள்ளுபடி ஆகவில்லை.

சித்தப்பாவின் மனத்தை நான் குறை கூறவில்லை. இறந்தவரைக் கம்பீரமாகக் காட்ட வேண்டும் என்பது நம் மரபு. அதில் அன்பு இருக்கிறது. ஆனால் கம்பீரம் ஒன்றையே தேடித்தேடி, நம் முன்னோர் அனைவரையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறோம். எல்லாப் பாட்டிகளும் ஒரே நீலப் பின்னணியில், ஒரே முறைப்பில், ஒரே பாட்டியாகி விடுகிறார்கள். அவர்களுள் ஒருத்தி குன்றின் மேல் நின்று சிரித்தாள் என்பதைப் பேத்தி எப்படி அறிவாள்?

அதே படத்தில் வேறொன்றும் இருக்கிறது. பாட்டிக்கு அந்தக் குடம் விளையாட்டு. அந்த மலைச்சரிவுகளில் வாழும் பெண்களுக்கோ அது அன்றாட வேலை. பல சிற்றூர்களில் சுனை வரை ஏறி இறங்கித் தண்ணீர் சுமந்தவர்கள் அவர்கள். நம் பக்கத்து மலைகளிலும் இதே கதைதான். உதகையில் தேயிலை பறிக்கும் பெண்ணைப்போல் கூடை மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்களைக் காண்கிறோம். உண்மையாகவே கூடை சுமந்தவர்களுள் பலர் யார்? 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த உடன்பாட்டினால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தமிழர்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-இல் நீலகிரியில் அரசின் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. நம் குடும்பம் இரண்டு நாள் சிரித்த இடத்தில், இன்னொரு குடும்பம் கடல் தாண்டி வந்து புதிதாக வாழ்க்கையைத் தொடங்கியிருக்கிறது. நம் படத்தின் ஓரத்தில் மங்கலாகத் தெரியும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு வீடும், ஒரு சுவரும், ஒரு பாட்டியும் உண்டு. இதற்காக மலைக்குப் போகாதே என்றோ, படம் எடுக்காதே என்றோ நான் சொல்லவில்லை. படத்தின் கீழே உண்மையை எழுது என்கிறேன். "முசூரி, 1979. வாடகை உடை" என்று இரண்டு சொல் எழுதினால் பாட்டியின் சிரிப்பும் குறையாது, பிறர் வாழ்வும் வேடமாகிவிடாது.

பெயர் எழுதுவது எளிய வேலை என்று எண்ணாதீர்கள். நம் மொழியில் உறவுச் சொற்கள் மிகுதி. அந்த வளமே ஆளை மறைக்கும் திரையும் ஆகிவிடுகிறது. "பெரியப்பா" என்று எழுதி வைத்தால், எழுதியவர் யார் என்று தெரிந்தால்தான் அது யார் என்பது விளங்கும். பெண்கள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. "திண்டுக்கல் அத்தை", "மாடிவீட்டு ஆச்சி", "சின்னப் பாட்டி" என்று ஊரையும் வீட்டையும் சொல்லியே ஐம்பது ஆண்டு அழைத்திருப்போம். ஆண்களின் பெயராவது மகனின் தலையெழுத்தாக, ஒரே ஓர் எழுத்தாக, இன்னொரு தலைமுறைக்கு நிற்கிறது. அத்தையின் பெயருக்கு அந்த ஓர் எழுத்தும் இல்லை. உங்கள் தாயைப் பெற்ற பாட்டியின் தாய் பெயரைச் சொல்ல முடியுமா என்று விடுதியில் என் அறைப் பக்கத்து நண்பர்கள் ஒன்பது பேரைக் கேட்டேன். இருவர் சொன்னார்கள். ஒன்பது பேரை வைத்து உலகை அளக்கக் கூடாதுதான். நீங்கள் உங்களையே கேட்டுப் பாருங்கள்.

என் கருத்துக்கு மறுப்புகள் இல்லாமல் இல்லை. "எல்லாப் படமும் கைபேசியில் இருக்கிறதே; சுவர் எதற்கு?" என்பார் ஒருவர். கைபேசியில் நாலாயிரம் படம் இருக்கலாம். எடுத்த நாளையும் நேரத்தையும் அது தானே குறித்துக்கொள்ளும். ஆனால் ஏன் சிரித்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. மேலும் கைபேசிப் படத்தைத் தேடினால்தான் பார்க்க முடியும்; சுவரில் உள்ள படம், தேடாத குழந்தையின் கண்ணிலும் படும். சோறு ஊட்டும்போது அண்ணாந்து பார்த்து, "அது யாரு?" என்று கேட்கும் குழந்தைக்கு வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

"எங்களுடையது வாடகை வீடு, ஆணி அடித்தால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்" என்பார் மற்றொருவர். அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு இது நன்றாகத் தெரியும். மாற்றல் வரும்போதெல்லாம் முன்னோர்கள் பழைய வேட்டியில் சுற்றப்பட்டுத் தகரப்பெட்டிக்குள் போவார்கள். சிலர் புது வீட்டில் வெளியே வருவதே இல்லை. அதற்கும் வழி உண்டு. அலமாரியின் மேல்தட்டு போதும். சாய்த்து வைத்த மூன்று படங்கள் போதும். சுவர் முழுவதையும் நிரப்ப வேண்டும் என்று யார் சொன்னது?

மூன்றாவது மறுப்புதான் என்னைச் சிந்திக்க வைத்தது. "உங்கள் வீட்டில் படம் இருக்கிறது, மலைக்குப் போனீர்கள், பேசுகிறீர்கள். எங்கள் தாத்தா மலையையும் பார்க்கவில்லை, காமிராவையும் பார்க்கவில்லை" என்றார் ஒரு நண்பர். அவர் வீட்டில் தாத்தாவுக்கென்று இருக்கும் ஒரே முகம், வாக்காளர் அடையாள அட்டையில் உள்ள முகம். புகைப்படத்தோடு கூடிய அந்த அட்டை நாட்டில் 1993-இல்தான் வந்தது. இறந்தபின் அந்தக் கட்டைவிரல் அளவு முகத்தைப் பெரிதாக்கித்தான் சுவரொட்டி அடித்தார்கள். நான் அவருக்குச் சொன்னது இது: குடும்ப வரலாறு என்றால் புகைப்படம் மட்டும் அன்று. தாத்தா அளந்த படி இருக்கிறதா? அவர் பிடித்த கதிரரிவாள் இருக்கிறதா? பட்டாளத்திலிருந்தோ மலேயாவிலிருந்தோ வந்த ஒரு கடிதம் இருக்கிறதா? அதைச் சுவரில் வையுங்கள். பக்கத்தில் அவர் பெயரை எழுதுங்கள். பட்டம் பெற்ற பேரனின் படத்துக்கு அருகே அந்த அரிவாள் இருக்குமானால், அந்தப் பட்டம் எங்கிருந்து வந்தது என்பதை எவரும் கேட்காமலே அறிவர். மலைக்குப் போன குடும்பத்துக்கு மட்டும் வரலாறு உண்டு என்று நான் எண்ணியிருந்தால் இக்கட்டுரையை எழுதியே இருக்க மாட்டேன்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அவர் அருகில் படங்களை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். "வருஷம் என்ன?" என்று கேட்டால் அவருக்குச் சொல்ல வராது. "தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னா, பின்னா?" என்று கேளுங்கள், புயல் 1964 டிசம்பரில். "இந்தி எதிர்ப்பு நடந்தப்பவா?" என்று கேளுங்கள், அது 1965. "எமர்ஜென்சி சமயமா?" என்றால் 1975-க்கும் 77-க்கும் இடையே. "அப்போ உன் அத்தை கைக்குழந்தை" என்று அவர் தொடங்கிவிட்டால் போதும். ஆண்டு தானே அகப்படும், ஆண்டோடு ஒரு கதையும் அகப்படும்.

படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை முன்புறம் ஊறும், பந்துமுனைப் பேனா தழும்பு உண்டாக்கும். இடமிருந்து வலமாக முழுப் பெயர், ஊர், ஆண்டு, ஒரு வரிச் செய்தி. படம் சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள்; தோலோடு வந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே கைபேசியில் ஒரு நகல் எடுத்து, எழுத வேண்டியதைச் சட்டத்தின் பின்னட்டையில் எழுதுங்கள். 1970-களிலும் 80-களிலும் எடுத்த வண்ணப்படங்களை முதலில் கவனியுங்கள். அவற்றில் நீலச் சாயம் மங்கி, படம் முழுவதும் செம்மை படர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றினும் முந்திய கறுப்பு வெள்ளைப் படங்கள் பல இன்னும் தெளிவாக இருக்கின்றன. நம் மலைப்படங்களிற் பல அந்த வண்ணப்பட ஆண்டுகளைச் சேர்ந்தவை. வெயில் நேரே படும் சுவரும், குளியலறையை ஒட்டிய ஈரச் சுவரும் படத்துக்கு ஆகா. இராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் பாட்டியும் ஒன்றுதான், பழைய பஞ்சாங்கமும் ஒன்றுதான்.

நம் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பட்டிமன்றமும் கவியரங்கமும் நடத்துகிறோம், நன்று. ஒரு மாலைப்பொழுதை, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் படம் ஒன்றையோ பொருள் ஒன்றையோ கொண்டுவந்து, அதிலுள்ளவர் பெயரைச் சொல்லி, மூன்று நிமிடம் பேசுவதற்கென ஒதுக்கக் கூடாதா? செலவு தேநீர் மட்டுமே. தஞ்சைப் பண்ணையாள் ஒருவரும், நீலகிரித் தோட்டத் தொழிலாளி ஒருவரும், கரோல்பாக் குமாஸ்தா ஒருவரும், ஊட்டி ஏரியில் படகு விட்ட ஓர் அம்மாவும் ஒரே மேடையில் நிற்பார்கள். தமிழர் வரலாற்றை மன்னர்களோடு முடித்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு அது ஒரு நல்ல மருந்தாகவும் அமையும்.

மூத்தவர்கள் காத்திருக்க மாட்டார்கள், நண்பர்களே. அடுத்த விடுமுறைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. பயணச்சீட்டு எடுத்துவிட்டீர்கள், பெட்டி கட்டத் தொடங்கியிருப்பீர்கள். ஒரு பென்சிலையும் அதில் வைத்துக்கொள்ளுங்கள்.